எருக்குழியின் வாசம்
ஆறு மாதம் கிடந்த எருக்குழியில் மண்வெட்டி 'பொதக்'கென்று இறங்குகிறது. உள்ளே சாணமும் இல்லை, கோமியம் ஊறிய வைக்கோலும் இல்லை. எல்லாம் கருத்து, காப்பித் தூளாக உதிர்கிறது. முகர்ந்தால் நெடிக்குப் பதில் மழை நனைத்த மண்ணின் வாசம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாகும். விரல் பட்டதும் பொலபொலவென்று உடையும். அதுதான் பதம்.

பச்சைச் சாணம் சூடேறி வேரைக் கருக்கிவிடும். அரைகுறையாக மக்கியதில் வண்டுப் புழுக்கள் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். விவரம் தெரிந்த தோட்டக்காரர் அதனால் அவசரப்படுவதில்லை. காய்ந்தால் தண்ணீர் தெளிக்கிறார், இடையிடையே புரட்டிவிடுகிறார். கத்தரி நாற்று நடும் நாளில் சலித்த எருவைக் குழிக்கு இரண்டு கை அள்ளிப் போட்டு மண்ணோடு பிசறுகிறார். சில வாரங்களில் செடியடியில் மண்புழுவின் குருணை எச்சம் குட்டிக் குவியலாகத் தெரிகிறது.