உயர்த்திய கையும் உருவப்போகும் கையும்

நம்மிடம் சுலபமான வாசிப்பு ஒன்று இருக்கிறது. சிகாகோ ஹேமார்க்கெட்டில் நிறுத்தப்பட்ட போலீஸ்காரர் சிலை அரசின் சிலை. ஊருக்கு வெளியே வால்ட்ஹைம் கல்லறையில் இருப்பது நம்முடைய சிலை. முன்னதைச் செய்தவன் கைக்கூலி, பின்னதைச் செய்தவன் தோழன். செய்தவர்கள் யாரென்று பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

யோஹான்னஸ் கெலெர்ட் 1852இல் ஷ்லெஸ்விக்கில் பிறந்த டேனிஷ்காரர். அமெரிக்கா வந்தது 1887இல். அதே ஆண்டு நவம்பர் 11இல்தான் ஸ்பைஸ், பார்சன்ஸ், ஏங்கெல், ஃபிஷர் நால்வரையும் தூக்கிலிட்டார்கள். தண்டிக்கப்பட்ட எட்டுப் பேரில் ஐந்து பேர் ஜெர்மனியில் பிறந்தவர்கள், ஒருவர் இங்கிலாந்தில். 'அந்நியன்' என்பதே பாதிக் குற்றப்பத்திரிகையாகிவிட்ட ஊரில் வந்திறங்கிய இன்னொரு அந்நியனுக்குக் கிடைத்த வேலை, செத்த போலீஸ்காரர்களுக்கு நினைவுச்சின்னம். காசு வசதிபடைத்தவர்களுடையது. வந்த இடத்தில் காலூன்ற நினைக்கிறவன் இதை மறுப்பானா? 1889 மே 30இல் சிலை திறக்கப்பட்டது.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல சிலை. சுமார் 9 அடி வெண்கலம். நீண்ட கோட்டு, உயர்த்திய வலது கை. ஆவேசமில்லை, தடியடி இல்லை. தெருவில் நின்ற ஒரு ஐரிஷ் போலீஸ்காரரைப் பார்த்துத்தான் வடித்தார் என்பார்கள். ஐரிஷ்காரர் என்றால் அவரும் பிழைக்க வந்தவர் வழிதான். பொய் பீடத்தில் இருக்கிறது: இல்லினாய் மக்களின் பெயரால் அமைதி காக்கும்படி கட்டளையிடும் வாசகம். 1886 மே 4 இரவு கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ் கேப்டன் வார்டின் வாயிலிருந்து வந்தது. மேயர் ஹாரிசன் அந்தக் கூட்டத்தை நேரில் பார்த்து, ஒன்றுமில்லை என்று வீடு திரும்பியிருந்தார். மழை வருகிற மாதிரி இருந்ததால் பாதிப்பேர் போயாகிவிட்டது. அமைதி ஏற்கனவே அங்கேதான் இருந்தது. அதைக் கலைக்க வந்தவர்கள்மீதுதான் குண்டு விழுந்தது. அப்புறம் அந்த 'மக்கள்' யார்? கூட்டத்தில் நின்றவர்கள் அதில் சேர்த்தியில்லை.

கட்டளையிடும் கைக்குப் பதில் வந்துகொண்டேயிருந்தது. 1927 மே 4இல் ஒரு டிராம் தண்டவாளத்தை விட்டிறங்கி பீடத்தில் மோதியது. 1969 அக்டோபரில் வெதர்மென் குழு சிலையை வெடிவைத்துத் தகர்த்தது. திரும்ப நிறுத்தினார்கள், 1970 அக்டோபரில் மறுபடி தகர்த்தது. அதற்குப்பின் மேயர் டேலி இரவுபகல் காவல் போட்டார். போலீஸ்காரருக்குப் போலீஸ் காவல்!

இனி நம் சிலை. ஆல்பர்ட் வைனெர்ட் லைப்சிக்கில் பிறந்து 1886இல் குடியேறியவர். 1893 ஜூன் 25இல் வால்ட்ஹைமில் திறப்பு. மறுநாளே ஆளுநர் ஆல்ட்கெல்ட், அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான், சிறையிலிருந்த மூவரை விடுவித்தார். விழுந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் முக்காடிட்ட ஒரு பெண் வாகை சூட்டுகிறாள். மறுகை வாளை உருவப்போவதுபோல் மார்பருகே. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதிலிருந்து நாமும் இந்தக் கல்லறையின் வாரிசுகள்தான். ஆனாலும் எனக்குள்ள உறுத்தலைச் சொல்லிவிடுகிறேன். பெண் உருவகம், அவள்தான் நீதி. அவள் நடக்கிறாள். தொழிலாளி செத்துக் கிடக்கிறான். அரசு கேட்ட சிலையில் ஒரு ஆள், சம்பளத்துக்கு நிற்கிற ஆள், முழுசாக எழுந்து நிற்கிறான். நம்மாட்கள் கேட்ட சிலையிலோ கிரேக்கத்திலிருந்து கடன்வாங்கிய தேவதை. துக்கத்துக்கு அது பொருந்தலாம். சண்டைக்கு? உருவம் பற்றி நம் விமர்சனம் இன்னும் கேட்கத் துணியாத கேள்வி இது. யதார்த்தத்தை எதிரி வசம் விட்டுவிட்டு உருவகத்தோடு வீடு திரும்பியிருக்கிறோம்.

கெலெர்ட் பின்னால் சிகாகோவின் லிங்கன் பூங்காவுக்கு ஆண்டர்சன் சிலை செய்தார். நியூயார்க் சுங்க மாளிகையின் நெற்றியில், வரிசையாக நிற்கும் வணிக நாடுகளின் நடுவே, டென்மார்க்கையும் செதுக்கினார். விட்டுவந்த நாட்டை வந்த நாட்டின் சுங்கக் கட்டடத்தில் வைக்கிற வேலை! அவருடைய போலீஸ்காரர் 2007 முதல் போலீஸ் தலைமையகத்தில் இருக்கிறார். ஹேமார்க்கெட்டில் 2004இல் வைத்த மேரி புரோகரின் சிலையில் பேச்சாளர்கள் ஏறிய வண்டி இருக்கிறது, மேலே முகமில்லாத உருவங்கள். திறப்பு விழாவில் போலீஸ் சங்கத் தலைவரும் பேசினார்.