ஜானகி அம்மாளின் 74 வருஷங்கள்

போன மாசம் பொண்ணு பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு துண்டுச்சீட்டோடு வந்தாள். 'வரலாற்றில் சாதனைப் பெண்கள்', மூணு நிமிஷப் பேச்சு. வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி, மேரி கியூரி, கல்பனா சாவ்லா எல்லாரையும் மத்த பிள்ளைகள் எடுத்துவிட்டார்களாம். "நம்ம ஊர்ல யாருமே இல்லையாப்பா?" என்று கேட்டாள். முறம் வெச்சு அரிசி புடைச்சிட்டிருந்த எங்கம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்கள்: "ஏஞ்சாமி, நாமகிரித் தாயார் இருக்கறாங்கல்ல. ராமானுஜத்துக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான?"

நாமக்கல்லில் வளர்ந்த எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். மலைக்கோட்டைக்குக் கீழே, நரசிம்மர் கோயிலில் இருக்கும் தாயார்தான் கும்பகோணத்து ராமானுஜனின் கனவில் வந்து சூத்திரங்களை எழுதிக் காட்டினார் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. லாரி, முட்டை, அப்புறம் இது. அன்னிக்கு எல்லாரும் சிரித்தோம். ஆனால் ராத்திரி அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ராமானுஜன் கதையில் மூணு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தர் தெய்வம். இன்னொருத்தர் அம்மா, கோமளத்தம்மாள். மூணாவது மனைவி ஜானகி. கணக்கின் பெருமை தெய்வத்துக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு வில்லி வேஷம். மனைவிக்குக் காத்திருக்கும் வேலை. இந்தப் பங்கீட்டை யார் செய்தது?

பத்து வருஷமாக ராமானுஜன் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு அந்த வார இறுதியில் மேத்யூ பிரவுன் இயக்கிய 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' (2015) படத்தை மறுபடி பார்த்தேன். முதல் தடவை தேவ் பட்டேலையும் ஜெரமி அயன்ஸையும் மட்டும்தான் பார்த்திருந்தேன். இந்தத் தடவை தேவிகா பிஸே நடித்த ஜானகியை மட்டும் பின்தொடர்ந்தேன்.

படத்தில் ஜானகி வளர்ந்த பெண். அழகான, ஏக்கமான காதல் மனைவி. கடிதம் எழுதுகிறாள், பதில் வரவில்லை. மாமியார் ஒளித்து வைக்கிறார். நிஜத்தில் 1909 ஜூலையில் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்கு வயது 10. ராமானுஜனுக்கு 21. சில வருஷம் கழித்துத்தான் சென்னைக்குக் குடித்தனம் வந்தார், அதுவும் மாமியாரோடு. 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறியபோது அவருக்கு 15 வயசு இருக்கும். படத்தில் பார்த்த காதலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. மேற்கத்தியப் பார்வையாளர்கள் 10 வயசு மணப்பெண்ணைப் பார்த்தால் மிரண்டுவிடுவார்கள் என்று வயதைக் கூட்டியிருப்பார்கள், அது புரிகிறது. ஆனால் வயதைக் கூட்டினதோடு அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டார்கள். ஒரு சிறுமி புரியாத வீட்டில் வளர்ந்து, தானாக ஒரு மனுஷியாக ஆனதுதான் உண்மைக் கதை. அதை எடுத்துவிட்டு ஏக்கத்தை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அதிகமாக உறுத்துவது வேறொன்று. படத்துக்கு மூலம் ராபர்ட் கனிகல் 1991-இல் எழுதிய அதே பெயர் கொண்ட புத்தகம். அதில் ஒரு சம்பவம் இருக்கிறது. 1919-இல் உடம்பு முடியாமல் திரும்பிய ராமானுஜன் கொஞ்ச காலம் கொடுமுடியில் தங்கியிருந்தார். நமக்குப் பக்கம்தான், காவிரிக்கு அந்தக் கரை. ஆவணி அவிட்டத்துக்கு ஆற்றுக்குப் போகும்போது ஜானகியும் கூட வருவேன் என்கிறார். மாமியார் வேண்டாம் என்கிறார். அதுவரை அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத ராமானுஜன், அவளும் வரட்டும் என்று சொல்லிவிடுகிறார். அந்த வீட்டில் அதிகாரம் கை மாறியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு மருந்து, சாப்பாடு, பணிவிடை எல்லாம் ஜானகி கைக்கு வந்தது. ஒரு இயக்குநருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? காவிரிக்கரை, மூன்று பேர், ஒரே ஒரு வாக்கியம். விட்டுவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் புல்வெளிக்கு நேரம் போதவில்லை போல.

இந்த இடத்தில் நானே எனக்கு ஒரு கடிவாளம் போட்டுக்கொள்ள வேண்டும். கொடுமுடிச் சம்பவமும் சரி, ஒளித்து வைத்த கடிதங்களும் சரி, நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் ஜானகி அம்மாள் தரப்பில் இருந்துதான். அவர் 1994 வரை வாழ்ந்தார். ஆய்வாளர்களும் பத்திரிகைக்காரர்களும் திருவல்லிக்கேணி வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள், அவர் சொன்னார். கோமளத்தம்மாளிடம் அப்படி உட்கார்ந்து யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை. ஆக, 'கொடுமைக்கார மாமியார்' என்று நாம் முடிவு கட்டியிருப்பது ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் வைத்து, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னதை வைத்து. ஜானகி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கனிகல் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். படம் நிதானிக்கவே இல்லை. அருந்ததி நாக் மாதிரி ஒரு நடிகையைக் கூப்பிட்டுக் கடிதத்தை ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கோமளத்தம்மாள் செய்ததைக் கணக்குப் போட்டால் வேற சித்திரம் வருகிறது. கணவர் துணிக்கடைக் குமாஸ்தா, மாசம் 20 ரூபாய். அது போதாமல் இந்தம்மா கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். வீட்டில் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துச் சோறு போட்டார்கள். சிறுவன் ராமானுஜனுக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே இருந்த கணிதம் முதலில் கிடைத்தது அந்த மாணவர்களிடம் இருந்து. தாயார் கனவில் சூத்திரம் காட்டினாரோ இல்லையோ, அடுப்படியில் நின்ற அம்மாவால் அந்த வீட்டுக்குள் கணக்குப் புத்தகம் வந்தது. கடல் தாண்டலாமா என்ற குழப்பத்திலும் இரண்டு விதமாகக் கதை உண்டு. ராமானுஜன் நாமக்கல் வந்து கோயிலில் தங்கி உத்தரவு வாங்கினார் என்று ஒன்று. கோமளத்தம்மாள் கனவில் தாயார் வந்து, மகனைத் தடுக்காதே என்றார் என்று இன்னொன்று. இரண்டாவதை நான் இப்படிப் படிக்கிறேன்: வைதிக வீட்டில் ஒரு அம்மா 'போய்ட்டு வா' என்று சொல்ல முடிவு பண்ணிவிட்டார், ஊர் வாயை அடைக்கத் தாயார் துணைக்கு வந்தார். எங்கம்மா இதை ஒத்துக்க மாட்டாங்க.

சரி, ஜானகிக்கு வருவோம். 1919 ஜனவரியில் இங்கிலாந்தில் இருந்து ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று பிரபலம். தனக்குத் தருவதாகச் சொன்ன வருஷம் 250 பவுண்டில், பெற்றோருக்கு 50 பவுண்டு, தன் அவசியச் செலவு போக மீதி ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் படிப்புக்கு என்று கேட்டுக்கொள்கிறார். அவருடைய பெருந்தன்மைக்குச் சான்றாக எல்லாக் கட்டுரையிலும் இது வரும். நியாயம்தான். ஆனால் அந்தக் கடிதத்தில் மனைவிக்கென்று ஒரு வரி இல்லை. கூட்டுக்குடும்பம், பெற்றோருக்குக் கொடுத்தால் அவருக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருக்கலாம். அடுத்த வருஷம் ஏப்ரல் 26-இல் அவர் இறந்தபோது, ஜானகிக்கு வயசு 21.

கடைசி வருஷத்தில் படுக்கையில் கிடந்தபடியே ராமானுஜன் எழுதிக்கொண்டிருந்தார். எழுதின தாள்களை எடுத்து ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தியவர் ஜானகி. ஈமக்கிரியை நடந்த நேரத்தில் சில தாள்கள் காணாமல் போய்விட்டன என்ற வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. மிஞ்சியவை பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கிருந்து 1923-இல் ஹார்டிக்கு, அப்புறம் வாட்சனிடம், பிறகு டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அதைக் கண்டெடுத்து 'தொலைந்த நோட்டுப்புத்தகம்' என்று உலகம் முழுக்கப் பேச்சானது. 600-க்கு மேற்பட்ட சூத்திரங்கள். என் தொழிலில் பேக்கப் எடுத்து வைப்பவனை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், சர்வர் படுக்கிற அன்றைக்கு வரைக்கும். அதனால் இது எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம்.

1987 டிசம்பர் 22, நூற்றாண்டு நாளில் சென்னையில் அந்த ஏடுகளின் அச்சுப் பதிப்பை ராஜீவ் காந்தி வெளியிட்டார். முதல் பிரதி ஜானகி அம்மாளுக்கு, இரண்டாவது ஆண்ட்ரூஸுக்கு. தான் பெட்டியில் எடுத்து வைத்த தாள்கள் 67 வருஷம் கழித்துப் புத்தகமாகக் கைக்கு வருகின்றன. படத்தில் இது இல்லை, இருக்கவும் முடியாது. ராமானுஜன் செத்ததும் கதை முடிந்துவிடுகிறதே. 2014-இல் ஞான ராஜசேகரன் தமிழில் எடுத்த 'ராமானுஜன்' படத்தில் சுஹாசினி அம்மாவாகவும் பாமா ஜானகியாகவும் வந்தார்கள். நம்ம வீட்டுப் பேச்சு, நம்ம வீட்டு முகம் என்ற அளவில் எனக்கு அதுதான் நெருக்கம். ஆனாலும் அதுவும் 1920-ஐத் தாண்டவில்லை.

தாண்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பிள்ளையில்லாத 21 வயசு ஐயங்கார் விதவை. அந்தக் காலத்தில் அவருக்குக் காத்திருந்தது அண்ணன் வீட்டு அடுப்படி. ஜானகி பம்பாய்க்கு, சகோதரர் வீட்டுக்குத்தான் போனார். அங்கே சில வருஷம் இருந்தபோது தையலும் ஆங்கிலமும் கற்றுக்கொண்டார். பிறகு சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியாகக் குடியேறினார். பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷன் மாசம் 20 ரூபாய். போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாக ராமானுஜன் வாங்கினதே 30 ரூபாய். தையல் மிஷினை வைத்துப் பிழைத்தார், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 1950-இல் தோழி ஒருவர் இறந்துபோக, அவருடைய மகனைத் தன் பிள்ளையாக எடுத்து வளர்த்துப் படிக்க வைத்து ஆளாக்கினார். பென்ஷன் கூடியதெல்லாம் வெகு காலம் கழித்து.

1980-களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், என் கணவருக்குச் சிலை வைக்கிறோம் என்றார்களே, எங்கே அது என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆஸ்கி என்ற கணிதப் பேராசிரியர் காதுக்கு எட்டியது. அவர் கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் மார்பளவு வெண்கலச் சிலை செய்யச் சொல்லி ஜானகி அம்மாளுக்கே அனுப்பி வைத்தார். இதெல்லாம் கனிகல் புத்தகத்தின் பின்பகுதியில் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சில பக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

இவரைச் 'சாதனைப் பெண்' பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றா கேட்கிறேன்? தெரியவில்லை. ஒவ்வொரு ஆணின் வெற்றிக்குப் பின்னாலும் என்று ஆரம்பிக்கும் அந்த வசனம் எனக்கு ஆகவே ஆகாது. ஜானகி கணிதம் செய்யவில்லை. செய்ததாகக் காட்டவும் வேண்டாம். அவர் கணவரோடு வாழ்ந்தது மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. தனியாக வாழ்ந்தது 74 வருஷம். மூணைப் படமாக எடுத்துவிட்டு 74-ஐ வெட்டிப் போட்டதற்கு எடிட்டிங் என்று பெயர் வைக்க எனக்கு மனசில்லை.

பொண்ணு ஜானகி அம்மாளைத்தான் எடுத்துப் பேசினாள். "அவங்க சாதனை என்னம்மா?" என்று டீச்சர் கேட்டாராம். "தச்சாங்க, டீச்சர்" என்று சொன்னாளாம். பரிசு வேலு நாச்சியாருக்குப் போனது. பேசின பிள்ளை நன்றாகவே பேசினாளாம், இவளே சொன்னாள்.

ஜானகி பிறந்த ராஜேந்திரம் குளித்தலைப் பக்கம். இங்கிருந்து முசிறி போய், பாலத்தில் காவிரியைத் தாண்டினால் வந்துவிடும். அடுத்த ஞாயிறு போய்வரலாம் என்று இருக்கிறோம், எங்கம்மாவும் வருகிறார்கள். திருவல்லிக்கேணியில் அவரிடம் தையல் பழகியவர்களோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவர் முதலில் என்ன தைக்கச் சொல்லிக் கொடுப்பார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.