நின்று பாட மட்டும் ஒரு மேடை

கலை வெறுப்பைக் கரைத்துவிடும் என்று நம்ப விரும்புகிறவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1924, பெர்லின், பெத்தோவன் அரங்கம். ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாக இருந்த தாய்க்கு 1887இல் பிறந்த டெனர் பாடகர் ரோலண்ட் ஹேயஸ், ஜெர்மன் பாடல்களைப் பாட வருகிறார். கூட்டம் சீறுகிறது. அவர் பியானோ அருகே பேசாமல் நிற்கிறார். எத்தனை நிமிடம் நின்றார் என்பது சொல்கிற ஆளுக்கு ஏற்ப நீள்கிறது. இரைச்சல் ஓய்ந்ததும் ஷூபர்ட்டின் 'டு பிஸ்ட் டீ ரூ', அதாவது 'நீயே அமைதி' என்கிற பாடலை மிகத் தணிந்த குரலில் தொடங்குகிறார். முடிந்தபோது சீறியவர்களே கைதட்டுகிறார்கள். சுபம்.

இந்தச் சுபம்தான் உறுத்துகிறது. கதை பெரும்பாலும் ஹேயஸ் தாமே பின்னால் சொன்னது. அவர் சொன்னதைச் சந்தேகிப்பதல்ல என் நோக்கம். அதை வாங்கிக்கொண்டவர்கள் எதற்காக வாங்கிக்கொண்டார்கள் என்பதே கேள்வி. கைதட்டல் எதற்குக் கிடைத்தது? அந்த மனிதனுக்கா, அந்த மனிதனிடமிருந்து பிரித்தெடுத்த ஒரு குரலுக்கா?

சீறியது ஏன் என்று முதலில் பார்க்கணும். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியின் ரைன் பகுதியை ஆக்கிரமித்த பிரெஞ்சுப் படையில் ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்கள் வெள்ளைப் பெண்களைச் சூறையாடுகிறார்கள் என்று 1920 முதல் 'கறுப்பு அவமானம்' என்ற பெயரில் பெரும் பிரச்சாரம் நடந்தது. வலதுசாரிகள் மட்டும் நடத்தியதில்லை அது. காங்கோவில் பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் கொடுமைகளை உலகுக்கு அம்பலப்படுத்திய அதே ஈ.டி. மோரெல், பிரிட்டிஷ் இடதுசாரி, இந்தப் பிரச்சாரத்துக்கும் பேனா பிடித்தார். ஆப்பிரிக்காவில் இருக்கிற கறுப்பன்மீது இரக்கம். ஐரோப்பாவுக்குள் வந்த கறுப்பன்மீது அச்சம். நம்முடைய முற்போக்கு வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவது நல்லது.

அந்தச் சூழலில் ஒரு கறுப்பு ஆண் உடல் மேடையேறி ஜெர்மன் மொழியில் காதல் பாடுகிறது. எதிர்ப்பு குரலுக்கு அல்ல. குரலை யாரும் இன்னும் கேட்கவே இல்லை.

ரோலான் பார்த் 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு பாடகர்களை ஒப்பிடுகிறார். ஃபிஷர்-டீஸ்காவ் குறையில்லாமல் பாடுகிறார், ஆனால் அவரிடம் மூச்சு மட்டும்தான் இருக்கிறது. பான்ஸெராவிடமோ நாக்கும் தொண்டையும் பல்லும் சேர்ந்து மொழியை உரசுகிற சத்தம் இருக்கிறது என்கிறார். இதற்கு அவர் வைத்த பெயர் 'கிரெய்ன்'. மரத்தின் ரேகை, தானிய மணி, சொரசொரப்பு எல்லாமே அந்தச் சொல்லில் அடக்கம். பாடும் குரலுக்குள் இருக்கும் உடல். அருமையான கருத்துதான், நானும் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் பார்த்தின் உடல் பூராவும் உள்ளுறுப்புகளால் ஆனது. அதற்குத் தோல் கிடையாது. பெத்தோவன் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தோலைத்தான் முதலில் 'கேட்டான்'. தொண்டையின் உரசலைக் கேட்கிற சொகுசு, தோல் யாருக்கும் உறுத்தாத பாடகனைக் கேட்கும்போதுதான் வாய்க்கும் போலிருக்கிறது.

ஹேயஸ் ஏன் ஆபெராவில் பாடவில்லை? பையனாக இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்தவருக்கு ஒருவர் கரூஸோவின் இசைத்தட்டைப் போட்டுக்காட்டினார். அதிலிருந்துதான் இந்தப் பாதையே தொடங்கியது. கரூஸோ ஆபெராக்காரர். ஆனால் ஆபெராவில் டெனர் என்றால் காதலன். அவன் கதாநாயகியைத் தொடுவான், தழுவுவான், அவள் மடியில் சாவான். வெள்ளைக் கதாநாயகியைக் கறுப்பு டெனர் தழுவுவதை அன்றைய அமெரிக்காவில் எந்தப் பெரிய ஆபெரா மேடை அனுமதித்திருக்கும்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபெராவில் முதல் கறுப்பினப் பாடகியாக மரியன் ஆண்டர்சன் பாடியது 1955இல். கிடைத்த வேடம் குறிசொல்பவள். யாரும் காதலிக்கத் தேவையில்லாத பாத்திரம். அங்கே கறுப்பின டெனர் ஒருவர், ஜார்ஜ் ஷெர்லி, காதலன் வேடம் கட்டியது 1961இல். அப்போது ஹேயஸுக்கு 74 வயது.

மிச்சமிருந்தது கச்சேரி மேடை. இங்கே வேடம் இல்லை, நடிப்பு இல்லை, எதிரே பெண் இல்லை. பாடகன் நிற்கிறான், பியானோக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். உடலைக் கேட்காத வடிவம், ஆகவே உடல் மறுக்கப்பட்டவனுக்குத் திறந்த வடிவம். செலவும் குறைவு. 1917இல் பாஸ்டன் சிம்பொனி ஹாலை எந்த நிறுவனமும் அவருக்கு எடுத்துத் தரவில்லை. அவரே வாடகைக்கு எடுத்துப் பாடினார். வாத்தியக்குழு, சேர்ந்திசைக்குழு, இயக்குநர், புரவலர் என்று ஆபெரா கேட்கிற பட்டாளத்தை எங்கே போய்ப் பிடிப்பது? இரண்டு பேரும் ஒரு வாடகை ஹாலும் போதும் என்கிற பொருளாதாரத்தை விட்டுவிட்டு, ஜெர்மன் அகவயத்தன்மை, கவித்துவ ஆழம் என்றெல்லாம் பேசுவதில் அர்த்தமில்லை.

அந்த 'ஜெர்மன் ஆழம்' விஷயமும் வேடிக்கையானது. 'நீயே அமைதி'யின் கவிதை ஃப்ரீட்ரிஷ் ரூக்கெர்ட்டுடையது. அவர் கீழைமொழி அறிஞர். 1822இல் வந்த 'கிழக்கத்திய ரோஜாக்கள்' என்கிற தொகுப்பில் இருக்கிறது அது. பாரசீகக் கவி ஹாஃபிஸின் பாதிப்பில் எழுதப்பட்ட தொகுப்பு. கறுப்பன் வாயில் எங்கள் கவிதை அசுத்தமாகும் என்று பதறியவர்கள் எந்தக் கவிதைக்குப் பதறினார்கள்! பாரசீகத்து ரோஜாவுக்கு ஜெர்மன்காரர் காவல்.

மறுநாள் பாராட்டினார்களே என்று கேட்கலாம். ஜெர்மன் கலாச்சாரத்தில் கறுப்பின இசைஞர்களின் வரலாற்றை எழுதிய கீரா தர்மன், 2021இல் வெளியான நூலுக்கு வைத்த தலைப்பே 'ஜெர்மானியர்போலப் பாடுதல்' என்பதுதான். பாராட்டு அந்த 'போல'வுக்குள் அடங்கிவிடுகிறது. நன்றாகப் பாடினால் நீ எங்களைப்போல. ஆகவே பாடியது நீ இல்லை. சீறல் உடலை மறுத்தது. கைதட்டல் உடலை அழித்தது. இரண்டாவது இன்னும் நாசூக்கான வேலை.

ஹேயஸ் இதை அறியாதவரில்லை என்பதற்கு அவருடைய நிகழ்ச்சிநிரலே சாட்சி. ஷூபர்ட், பிராம்ஸ் எல்லாம் பாடிவிட்டுக் கடைசிப் பகுதியில் அடிமைகளின் ஆன்மிகப் பாடல்களை வைத்தார். துக்கடா இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் துக்கடாவாகப் பாடவில்லை. ஷூபர்ட்டுக்குக் கொடுத்த அதே உச்சரிப்புக் கவனம், அதே தணிந்த குரல். 1920இல் அவரோடு லண்டனுக்குப் போன பியானோ கலைஞர் லாரன்ஸ் பிரௌன் இந்தப் பாடல்களுக்குப் பியானோ அமைப்புகள் செய்தவர். பக்கவாத்தியம் என்று நாம் ஓரங்கட்டுகிற ஆள். 1925இல் அதே பிரௌன் பால் ராப்ஸனோடு நியூயார்க்கில் முழுக்க முழுக்க ஆன்மிகப் பாடல்களும் கறுப்பினப் பாடல்களுமாகவே ஒரு கச்சேரி செய்தார். துக்கடா முழுக் கச்சேரியாக விரிந்தது. ஹேயஸ் அந்த அளவுக்குப் போகவில்லை. அது அவருடைய எல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1942இல் என்ன நடந்தது? ஜார்ஜியாவின் ரோம் என்கிற ஊர். ஒரு செருப்புக்கடையில் வெள்ளையருக்கான இருக்கையில் உட்கார்ந்ததற்காக அவருடைய மனைவியும் சின்ன மகளும் விரட்டப்பட்டார்கள். ஹேயஸ் போய்க் கேட்டார். பிறகு தெருவில் வைத்து அவர் அடிக்கப்பட்டார், மனைவியோடு சிறையில் அடைக்கப்பட்டார். 1921இல் இங்கிலாந்து மன்னர் முன் பாடிய மனிதர். லாங்ஸ்டன் ஹியூஸ் இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். கைதட்டலால் கரைந்ததாகச் சொல்லப்பட்ட வெறுப்புக்கு, பாட்டை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கி ஒரு நாற்காலி கேட்டால் முகம் திரும்பிவிடுகிறது.

அப்படியானால் பெர்லினில் மிஞ்சுவது என்ன? எனக்கு முக்கியமாகப் படுவது பாட்டுக்கு முந்தைய நேரம். 'நீயே அமைதி'யில் கடைசிப் பகுதியில் குரல் படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொட்டதும், ஷூபர்ட் ஒரு முழுத் தாள அளவை வெறுமையாக விட்டிருக்கிறார். குரலும் இல்லை, பியானோவும் இல்லை. எத்தனையோ பாடகர்கள் அதைப் பக்தியோடு கடக்கிறார்கள். ஹேயஸ் பாடிய ஆன்மிகப் பாடல்களில் ஒன்று, சிலுவையில் அறைந்தபோது கிறிஸ்து ஒரு முணுமுணுப்புகூடச் செய்யவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வது. மௌனமாக நிற்பதை அவர் ஷூபர்ட்டிடம் கற்கவில்லை. கசையடிக்கு முன் நின்றவர்களிடமிருந்து வந்தது அது. சீறலுக்கு நடுவே நின்ற அந்தச் சில நிமிடங்களில் குரல் கிடையாது. ஆகவே குரலை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொள்ள முடியாது. இருந்தது உடல் மட்டும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பியானோ ஆரம்பித்ததும் அவர்களுக்கு மூச்சு வந்திருக்கும்.