ஆடையும் நாளைய உலகும்

தமிழில் ‘நூல்’ என்னும் ஒரே சொல் நெய்வதற்குரிய இழையையும் கற்பதற்குரிய ஏட்டையும் குறிக்கின்றது. சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்து நூல் உருவாகும் முறையை நன்னூலின் பாயிரம் விளக்குகின்றது. ஏடு கருத்தைச் சுமப்பது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆடையும் அவ்வாறு கருத்தைச் சுமக்குமா? இன்னும் வாராத ஓர் உலகைத் துணியின் வடிவமைப்பு எண்ணிக் காட்ட வல்லதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, 1920-களில் சோவியத் நாட்டில் நிகழ்ந்த ஒரு முயற்சி தக்க சான்றாக அமைகின்றது.

1921-இல் மாஸ்கோ நகரில் ‘5×5=25’ என்னும் பெயரில் ஓவியக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. ஐந்து கலைஞர்கள் ஆளுக்கு ஐந்து படைப்புகளை அதில் வைத்தனர். லியூபோவ் போப்போவா, வர்வாரா ஸ்டெப்பானோவா ஆகிய இரு பெண்மணிகளும் அவர்களுள் அடங்குவர். சுவரில் தொங்கும் ஓவியத்தை விட, மக்கள் அன்றாடம் கையாளும் பொருளே புதிய வாழ்வுக்கு வழிகோலும் என்பது அவர்கள் கண்ட தெளிவு. எனவே தூரிகையை வைத்துவிட்டு, 1923-இல் மாஸ்கோவின் முதல் அரசுப் பருத்தித்துணி அச்சு ஆலையில் பணி ஏற்றனர். போப்போவா துணி வணிகர் ஒருவரின் மகள். துணி அவருக்குப் புதிய பொருளன்று. அதை நோக்கிய நோக்கே புதியது.

மக்கள் வழிவழியாக விரும்பி வாங்கிய துணிகளில் பூக்களும் கொடிகளுமே மலிந்திருந்தன. இவ்விருவரும் கவராயமும் அளவுகோலும் கொண்டு, வட்டம், முக்கோணம், கோடு ஆகிய எளிய வடிவங்களை ஓரிரு வண்ணங்களில் அமைத்தனர். அவ்வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, உடுத்தியவர் அசையுந்தோறும் தாமும் அசைவனபோல் தோன்றும். அசையாது அமர்ந்திருக்கும் சீமாட்டிக்கு உரிய துணியன்று அது. நடப்பவர்க்கும் உழைப்பவர்க்கும் உரியது. ஆடையின் வடிவம் அதை அணிவோர் செய்யும் தொழிலிலிருந்தே பிறக்க வேண்டும் என்று அதே ஆண்டில் ‘லெஃப்’ இதழில் ஸ்டெப்பானோவா எழுதினார். விளையாட்டு வீரர்க்கு அவர் வரைந்த உடைகள், தொலைவிலிருந்தே அணியை இனங்காணத்தக்க அழுத்தமான வண்ணங்களும் குறிகளும் உடையன.

இம்முயற்சியின் சிறப்பு, பின்னர் வந்த மற்றொரு போக்கோடு ஒப்பிடும்போது நன்கு புலனாகும். 1920-களின் பிற்பகுதியில் இளங்கலைஞர் பலர் டிராக்டர், விமானம், ஆலைப் புகைபோக்கி ஆகியவற்றையே துணியில் அச்சிடலாயினர். நாட்டின் நாளைய வளத்தை ஒவ்வொரு குடிமகனும் உடுத்தித் திரிய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நோக்கம் பெரிதே, விளைவோ வேறாயிற்று. துணியைக் கத்தரி வெட்டும், ஊசி தைக்கும், உடல் மடிக்கும். தோளில் விமானத்தின் சிறகு அறும். இடுப்பில் டிராக்டர் மடியும். 1933-இல் ‘பிராவ்தா’ நாளிதழே இத்தகைய துணிகளை எள்ளி நகையாடியது. அவ்வாண்டோடு அப்போக்கும் ஓய்ந்தது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது? பின்னவர் எதிர்காலத்தைப் படமாக வரைந்தனர். அதனால் உடுத்தியவர் சுவரொட்டி ஆனார். முன்னவரோ எதிர்காலத்தில் வாழ்பவரின் உடலையும் அசைவையும் எண்ணி வரைந்தனர். அதனால் ஆடை ஆடையாகவே நின்றது. போப்போவாவும் அரிவாள் சுத்தியலை வரைந்ததுண்டு எனச் சிலர் மறுக்கலாம். உண்மையே. ஆனால் அவர் கையில் அச்சின்னம் கோலம்போல் பின்னிப் பிணைந்து, துணி முழுதும் பரவும் ஓர் ஒழுங்காக மாறியது. எங்கு வெட்டினாலும் அவ்வொழுங்கு சிதையாது.

எனினும் குறைகாணாது புகழ்வது திறனாய்வாகாது. ஸ்டெப்பானோவா வரைந்தவை ஏறத்தாழ 150. அவற்றுள் அச்சேறியவை இரண்டு டஜன் அளவே. போப்போவா 1924-இல் செங்காய்ச்சலால் மறைந்தார். அன்றியும், அவர்கள் கை வைத்தது துணியின் மேற்பரப்பில் மட்டுமே. நெசவின் உள்ளமைப்பில் அன்று. புதிய வாழ்வைப் படைக்கப் புகுந்தவர்கள் பூவை நீக்கி வட்டத்தை வைத்ததோடு நின்றனர் என்று கூறுவோர்க்கு இதுவே சான்றாகும். இக்குறையை உணர்ந்தவர் ஸ்டெப்பானோவாவே. உடையின் தேவையிலிருந்து துணியின் அமைப்புக்கும் வரைவுக்கும் வர வேண்டும் என்று அவர் 1929-இல் வலியுறுத்தினார்.

மேலும் ஒன்று கருதத்தக்கது. ஆலையின் உற்பத்தித் திட்டங்களை முடிவு செய்வதில் பங்கு வேண்டும். சாயக் கூடத்தில் இடம் வேண்டும். தையற்கூடங்களோடு தொடர்பு வேண்டும் என்று அவ்விருவரும் ஆலையிடம் கோரினர். துணி எவ்வாறு பிறக்கின்றது, எவரிடம் சேர்கின்றது என்பதை அறியாமல் அதன் மேல் வரைவதில் பயனில்லை என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள். அவர்கள் வரைந்த எந்த வட்டத்தையும் விட இக்கோரிக்கையிலேயே எதிர்காலம் மிகுதியாக உறைந்துள்ளது. வரைபவரும் செய்பவரும் உடுத்துபவரும் ஒருவரையொருவர் அறிந்து இயங்கும் உலகமே அவர்கள் எண்ணிய நாளை.

இஃது இலக்கியம் பயில்வோர்க்கும் உரிய பாடமாகும். விண்கலத்தையும் கணினியையும் பாட்டில் பெயர் சொல்லி அழைப்பதால் மட்டும் ஒரு கவிதை நாளைய கவிதை ஆகிவிடாது. ‘புதுயுகம்’ என்னும் சொல்லை வரிதோறும் அச்சிடுவது துணியில் டிராக்டரை அச்சிடுவதற்கு ஒப்பாகும். படிப்பவர் வாழ்வின் மடிப்பில் அது மடிந்து போகும். நாளை வாழப்போகும் மனிதனின் நடையையும் மூச்சையும் உணர்ந்து, அதற்கேற்ப யாப்பையும் நடையையும் அமைப்பவனே காலத்தை முந்துகின்றான். மதியைக் கதிராகக் கொண்ட நன்னூல் உருவகம் உணர்த்துவதும் இதுவே. கதிர் நேராகச் சுழன்றால் இழை நேராகும். இழை நேரானால் ஆடை உடலுக்கு இசையும்.