முறையீட்டுச் சங்கீதங்களும் நம் பக்கத்துச் சபைகளும்

கோலியனூர் கூட்டுரோட்டில் புதுச்சேரிக்கும் பண்ருட்டிக்கும் சாலை பிரிகிறது. அந்த இடத்தை நடுவாக வைத்து ஒரு வட்டம் போட்டால், தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெரிய பிரிவுகள் அநேகமாக எல்லாமே அதற்குள் வந்துவிடும். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர், டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் சபையார், திண்டிவனம் பக்கம் அமெரிக்க ஆற்காடு மிஷன் வழியில் வந்த சிஎஸ்ஐ சபையார், ஊருக்கு ஊர் பெந்தெகொஸ்தே ஜெப வீடுகள். ஒருவர் சங்கீதம் என்பதை மற்றவர் திருப்பாடல் என்பார். 150 பாட்டும் எல்லாருக்கும் பொது. ஆனால் ஆபத்து வரும்போது எந்தப் பாட்டை எடுக்கிறார்கள் என்பதில்தான் மரபுகள் வேறுபடுகின்றன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. இத்தகைய நேரத்தில் நம் வீடுகளில் முதலில் எடுப்பது 91 அல்லது 23 அல்லது 121. மூன்றும் அருமையான பாட்டுகள்தான். ஆனால் மூன்றுமே ஆபத்துக்கு நடுவிலும் நம்பிக்கையைச் சொல்பவை, கூக்குரல்கள் அல்ல. வெள்ளத்தில் நிற்பவன் வாயில் வைக்கவேண்டிய பாட்டு 69. கால் ஊன்ற இடமில்லாத சேறு, மேலே ஏறிவரும் நீர், கூப்பிட்டுக் கூப்பிட்டு வறண்ட தொண்டை என்று அது தொடங்குகிறது. அதை எடுப்பவர் குறைவு.

இத்தகைய பாட்டுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கீதங்களை வகை பிரித்தபோது, முறையீடே மற்ற எந்த வகையையும்விட அதிகம் என்று கண்டார். முதலில் கடவுளை விளிப்பது, பிறகு குறையைச் சொல்வது, விடுவிக்கக் கேட்பது, பழைய உதவிகளை நினைப்பது, மீட்கப்பட்டால் சபை நடுவே பாடுவேன் என்று நேர்ந்துகொள்வது. எல்லாப் பாட்டிலும் எல்லாம் இருப்பதில்லை. குறையைச் சொல்லாத முறையீடு மட்டும் கிடையாது. 13 சிறிய பாட்டு. அதிலும் எத்தனை காலம் என்ற கேள்வி அடுக்கடுக்காக நான்கு முறை வருகிறது. 44இல் ஒரு மக்களினமே நின்று, நாங்கள் உடன்படிக்கையை மீறவில்லையே, ஏன் தூங்குகிறீர் என்று கடவுளைத் தட்டி எழுப்புகிறது. இந்த மரபின் அளவுகோலாக நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: குறையைச் சுருக்காமல் சொல்கிறார்கள், அதை அடுத்த வீட்டாரிடம் சொல்லாமல் கடவுளிடமே சொல்கிறார்கள்.

நடுநாட்டாருக்கு இது புதிதாகப் படாது. அதே பண்ருட்டிச் சாலையில் போனால் திருவதிகை. சூலை நோய் குடலைப் புரட்ட, பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர் பொறுக்கமுடியவில்லை என்று முறையிட்டு முதல் பதிகம் பாடியது அங்கேதான். பின்னர் பல்லவ மன்னன் அவரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிய, கல் மிதந்து கடலூர்ப் பக்கம் ஒதுங்கியது என்பது வரலாறு. கரையேறவிட்ட குப்பம் என்று ஊர்ப்பெயரே அதைச் சொல்கிறது. திருநாவலூரில் பிறந்த சுந்தரரோ இன்னும் ஒரு படி மேலே போனவர். கண் போனபோது அவர் கெஞ்சியதைவிடச் சண்டை போட்டதே அதிகம். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் கேட்டு வாங்கினார். ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். சங்கீதக்காரருக்குப் பெரும்பாலும் பகைவர் உண்டு. அவர்கள்மேல் சாபமும் உண்டு. 69இன் பின்பாதியைக் கோயிலில் வாசிக்கத் தயங்குகிறோம். அந்தக் கோபத்தைக் கையில் எடுக்காமல் கடவுளிடம் விட்டுவிடுவதும் முறையீட்டின் பகுதியே என்பது என் கருத்து.

யூதர் வழியில் துயரத்துக்கு நாளும் முறையும் குறித்திருக்கிறது. ஆலயம் இடிந்த நாளை நினைக்கும் ஆப் மாத ஒன்பதாம் நாளில் நோன்பிருந்து தரையில் அமர்ந்து புலம்பல் நூலை ஓதுகிறார்கள். அந்நூலின் ஐந்து பாட்டுகளில் நான்கு எபிரேய நெடுங்கணக்கு வரிசையில் அமைந்தவை. அழுகையையும் எழுத்தெண்ணி அழுதிருக்கிறார்கள். மீண்டு வந்தவருக்கும் கடமை உண்டு. 107ஆம் சங்கீதத்தை வைத்து தல்மூத் நால்வரைச் சொல்கிறது: கடல் கடந்தவர், பாலைவனம் கடந்தவர், நோயிலிருந்து எழுந்தவர், சிறையிலிருந்து வந்தவர். இவர்கள் பத்துப் பேர் கூடியிருக்க நன்றி சொல்லவேண்டும்.

கத்தோலிக்கரிடம் ஏழு மனவருத்தப் பாடல்கள் உண்டு. அவற்றில் 130 இறந்தோருக்கான மன்றாட்டாக நம் வீடுகளுக்கும் பழகியது. தவக்காலத்தில் ராகமிழுத்து வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம், பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் உழைத்த கோவா குரு ஜாக்கோமே கொன்சால்வெஸ் தந்தது. அதைக் கேட்கும்போது நம்மூர் ஒப்பாரி காதில் விழாமல் போகாது.

அதே 130ஐ மார்ட்டின் லூத்தர் 1520களில் ஜெர்மன் மொழியில் சபைப் பாட்டாக்கினார். அந்த வழியில் வந்தவர் பிலிப் ஃபப்ரிசியஸ். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை வேப்பேரியில் பல பத்தாண்டுகள் உழைத்து, வேதத்தையும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழாக்கினார். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கொடுத்து வாங்கியதில் நொடித்துப்போய், முதிய வயதில் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். கண்ணி, குழி, கைவிட்ட நண்பர் என்று அவர் தமிழாக்கிய சங்கீதங்கள் கடைசியில் அவருடைய கதையாகவே ஆயின. 1791இல் இறந்தார். லுத்தரன் சபைகளில் பழைய பாட்டு மெதுவாக, சற்று இழுவையாகப் போவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. முறையீட்டுக்கு அந்த வேகம்தான் சரி என்பேன்.

பெந்தெகொஸ்தே சபைகளில் குரல் குறைவில்லை. உபவாச ஜெபத்திலும் முழு இரவு ஜெபத்திலும் வாய்விட்டு அழ இடம் கொடுத்தவர்கள் அவர்கள். பழைய சபைகள் அதை மறந்திருந்தன. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அழுகை முடிந்ததும் வாக்குத்தத்தம், உடனே சாட்சி நேரம். கடன் தீர்ந்தவர், படுக்கையிலிருந்து எழுந்தவர், வேலை கிடைத்தவர் எல்லாம் வந்து பேசுவார்கள். தண்ணீரில் போன பயிர் போனதுதான் என்று இருப்பவர் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். 107க்கு அங்கே மேடை உண்டு, 88க்கு இல்லை. இருட்டிலேயே முடிகிற பாட்டு அது. நன்றிப் பொருத்தனை இல்லை, விடுதலை வந்ததாக ஒரு சொல்லும் இல்லை. இத்தனைக்கும் சங்கீதத் தொகுப்பில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டில் வாரந்தோறும் அதைச் சொல்கிறார்கள். ஆங்கிலிக்கரின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் பெரிய வெள்ளி மாலைக்குக் குறித்திருப்பவை இரண்டே சங்கீதங்கள்: 69, 88.