வால்மீனும் வாக்கெண்ணிக்கையும்

பாரதியார் புதுவையில் வாழ்ந்திருந்த காலத்தில், 1910-ஆம் ஆண்டு, ஹாலி வால்மீன் வந்தது. அதன் வாலில் சயனோஜன் என்னும் நச்சு வாயு உண்டென்ற செய்தி பரவவே, உலகம் அழியுமென்று பல நாட்டு மக்கள் நடுங்கினர். ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்ற பாட்டு அவ்வரவைப் பற்றியதே.

பாட்டின் முற்பகுதியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். வால் மெல்லிய வாயுவால் ஆனது, மண்ணைத் தீண்டினும் தீங்கு செய்யாது என்ற அறிஞர் கூற்றைக் கவிஞர் எடுத்துரைக்கிறார். பிற்பகுதியிலோ, வால்மீன் தீயோரை ஒறுக்கும், அவ்வொறுப்பு புவியைத் தூய்மையாக்கவே என்று ஊரார் பேசுவதைச் சொல்லி, அது மெய்யா என வால்மீனையே வினவுகிறார்! விண்ணில் திரியும் பனியும் தூசும் அறம் உரைக்குமா?

இங்கே கேள்விகள் இரண்டு. அழிவு நேருமா என்பது ஒன்று. அதற்கு விடை தருவது வானநூல். அழிவு தகுமா என்பது மற்றொன்று. அதற்கு விடை தரவேண்டியது அறிவு. ஊர்ப்பேச்சு இரண்டிற்கும் விடையாகாது. 1962 பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் கூடுவதால் உலகம் முடியுமென்று நாடெங்கும் வேள்விகள் நடந்தன. உலகம் முடிந்ததா?

“மக்கள் கருத்தை இகழலாமா?” என்று தோழர்கள் கேட்கலாம். இகழவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று, புதுவையை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விழைந்தனர். ஆட்சி யாருடையது என்பதை ஆளப்படுவோர் முடிவு செய்தல் முறையே. அணுகுண்டு வேண்டாவென்று மக்கள் முழங்குவதும் அவர்தம் உரிமையே. அவர்தம் அச்சத்தை ஆள்வோர் கேட்டே தீரவேண்டும். ஆயினும், கை தூக்கியோர் தொகை ஒரு செயலை அறமாக்கிவிடாது. தீண்டாமைக்கு ஊர் முழுதும் ஒப்பிய காலம் இருந்தது. அதனால் அது நீதியாயிற்றா?

மாந்த இனத்தின் முடிவு பற்றிய வழக்கில் இன்னொரு குறையும் உண்டு. பெரிதும் இழப்போர் இனிப் பிறக்க வேண்டியவர், அவர்க்கு வாக்கில்லை. அழிவே புவிக்குத் தூய்மை என்று 1910-இல் பெரும்பான்மையோர் ஒப்பியிருந்தால், நம் வாழ்வை வேண்டாவென்று தள்ள அவர்க்கு உரிமை வந்திருக்குமா?

வால்மீன் 2061-இல் மீண்டும் வரும். அன்று அதைக் காண இருப்போருக்காக இன்று பேச வேண்டியவர் நாம். ஊர் என்ன சொல்கிறது என்று கேட்போம். ஏன் சொல்கிறது என்றும் கேட்போம். காரணம் நின்றால் ஏற்போம். நில்லாவிடில், ஊரே எதிர்த்தாலும் மறுப்போம்.