புதிர் பொம்மையை நாய் சீண்ட மாட்டேன் என்கிறதா?

நாய்க்குப் புதிர் பொம்மை வாங்கிய வீடுகளில் அந்தப் பொம்மையைத் தேடினால் முதலில் ஷூ ராக்கின் மேல்தட்டைப் பார்க்கலாம். நல்ல விலை கொடுத்து வாங்கி, பெட்டியைப் பிரித்து, எல்லாக் குழியிலும் பிஸ்கட் போட்டு மூடி, ஆசையாக நாயின் முன்னால் வைத்திருப்பார்கள். நாய் ஒருமுறை முகர்ந்திருக்கும், வைத்தவர் முகத்தைப் பார்த்திருக்கும், போய்ப் படுத்திருக்கும். "எங்க நாய்க்கு இதெல்லாம் செட் ஆகாதுங்க" என்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்த வகைப் பொம்மைகள் சிலவற்றை எங்கள் வீட்டு நாட்டு நாய் செவலையிடமும், அக்கா வீட்டு லாப்ரடார் புருனோவிடமும் கொடுத்துப் பார்த்தேன். புருனோவுக்கு வாயில் நுழைவதெல்லாம் சாப்பாடு. அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் பி.ஓ.எம்.சி. மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். செவலை தெருவில் பிறந்தவள். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், அது பொம்மையோ கேஸ் சிலிண்டரோ, தள்ளி நின்று கழுத்தை மட்டும் நீட்டி முகர்ந்து பார்த்த பிறகுதான் நம்புவாள். புதிர் பொம்மைக்கு நிஜமான பரீட்சை இப்படிப்பட்ட நாயிடம்தான். புருனோ எதற்கும் பாஸ் மார்க் போட்டுவிடுவான்.

முதலில் பலகைப் புதிர்கள். இவற்றைப் பிரபலமாக்கியவர் நீனா ஓட்டோசன் என்ற சுவீடன் நாட்டுக்காரர். 1990களின் தொடக்கத்தில் தன் நாய்களுக்காக மரத்தில் செய்ய ஆரம்பித்தார். இன்று அவர் பெயரிலேயே அவுட்வர்ட் ஹவுண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் விற்கிறது. பெட்டியின் மேல் 1 முதல் 4 வரை நிலை எண் போட்டிருக்கும். டாக் ஸ்மார்ட் நிலை 1. டாக் பிரிக், டாக் டொர்னேடோ இரண்டும் நிலை 2. டாக் கேசினோ நிலை 3. மல்டிபசில் நிலை 4. நம்மவர்கள் 'என் நாய் படு புத்திசாலி' என்று நேராக மூன்றாம் நிலையில் கை வைக்கிறார்கள். எல்.கே.ஜி. பிள்ளையை நீட் கோச்சிங்கில் உட்கார வைக்கிற கதைதான்.

நான் வைத்துப் பார்த்தவை டாக் பிரிக்கும் டொர்னேடோவும். பிரிக் செவ்வகப் பலகை. சில குழிகள் எலும்பு வடிவ அடைப்பானால் மூடியிருக்கும், அதைக் கவ்வித் தூக்க வேண்டும். சிலவற்றின் மேல் சறுக்குக் கட்டை இருக்கும், அதை மூக்காலோ காலாலோ தள்ள வேண்டும். சிலவற்றுக்குக் கீல் வைத்த மூடி, அதை நிமிர்த்த வேண்டும். அதாவது ஒரே பலகையில் மூன்று விதமான வேலை. டொர்னேடோவில் வட்டத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சுழற்றினால் கீழ்த்தட்டின் குழி வெளியே தெரியும். நாய்க்குச் சுழற்றுவது சீக்கிரம் பிடிபடுகிறது, ஏனென்றால் சும்மா முகத்தை வைத்து இடித்தாலே தட்டு நகர்ந்துவிடும். முதல் பலகை என்றால் பிரிக்கைவிட டொர்னேடோவுக்கே என் ஓட்டு. டொர்னேடோவோடு வரும் எலும்பு வடிவ அடைப்பான்களை ஆரம்பத்தில் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். புதிரைக் கடினமாக்கத்தான் அவை இருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருவோம். பலகையை நாய் முன் வைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் நாள் ஒரு மூடியும் மூடியிருக்கக் கூடாது. எல்லாக் குழியும் திறந்து கிடக்க, தீனி கண்ணுக்குத் தெரிய, அது ஓர் அலங்காரத் தட்டாக மட்டும் இருக்கட்டும். செவலைக்கு அப்படித்தான் வைத்தேன். உள்ளே போட்டது வழக்கமான உலர்தீனி இல்லை, வேகவைத்த கோழி ஈரல் துணுக்குகள். உலர்தீனி தினமும் தட்டில் கிடைக்கிறது, அதற்காக ஒரு விநோதப் பொருளிடம் ஏன் மூக்கை நீட்ட வேண்டும்? ஈரலுக்கு நீட்டினாள். முன்னங்கால்கள் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் ரப்பர் மாதிரி நீண்டு, ஓரத்துக் குழியிலிருந்து ஒரு துணுக்கை நாக்கால் வழித்துக்கொண்டு பின்வாங்கினாள். அன்றைக்கு அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அடுத்து, பாதி மூடல். குழியின் மேல் கட்டையைப் பாதி வரை மட்டும் நகர்த்தி வைத்தால் தீனி எட்டிப் பார்க்கும். அதை எடுக்கப்போகும் மூக்கே கட்டையைத் தள்ளிவிடும். தள்ளியதால் தீனி வந்தது என்று நாய்க்குப் புரிகிற கணம் அதுதான். அதைப் பார்ப்பது ஒரு சுகம்: காது இரண்டும் நிமிரும், அதே கட்டையை வேண்டுமென்றே இன்னொரு முறை இடிக்கும். பிறகு முக்கால் மூடல், பிறகு முழு மூடல், பிறகுதான் இரண்டாவது விதமான மூடி. ஒவ்வொரு படியிலும் நாய் சலிக்காமல் ஜெயித்த பிறகே அடுத்தது. நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே முடித்துப் பலகையை எடுத்து வைத்துவிட வேண்டும். நாள் முழுக்கத் தரையில் கிடக்கிற பலகை வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடும்.

சிக்கிக்கொண்டால்? நாய் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில். புடாபெஸ்டில் உள்ள ஏட்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தின் ஆடம் மிக்லோஷி குழு 2003ல் ஒரு சோதனையை வெளியிட்டது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் இறைச்சியை எடுக்கும் ஒரு வழியைப் பழக்கிவிட்டு, பிறகு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஓநாய்கள் இழுத்துக்கொண்டே இருந்தன. நாய்கள் சீக்கிரமே திரும்பி மனிதரைப் பார்த்தன. அப்படிப் பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை, நம்மோடு சேர்ந்து வாழ்ந்து வந்த குணம். ஆனால் அந்தப் பார்வைக்கு இரங்கி நாம் மூடியைத் திறந்துவிட்டால், 'முகத்தைப் பார்த்தால் மூடி திறக்கும்' என்பதுதான் நாய் கற்கும் பாடம். அக்கா வீட்டில் நடந்தது இதேதான். "பாவம்டா, எவ்வளவு நேரம் கெஞ்சுது பாரு" என்று அக்கா திறந்துவிட, புருனோ பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அக்காவுக்கே ஷேக் ஹேண்ட் கொடுக்க ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். 'ம்ம், தேடு' என்று ஒரு வார்த்தை போதும். மூக்கு பலகையின் பக்கம் போகும்போது மட்டும் பாராட்டுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் பலகையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், நாய் பார்க்காத இடத்தில் மூடிகளைப் பாதி திறந்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். நாயின் பாதத்தைப் பிடித்து மூடியின் மேல் வைத்துக் காட்டுவது வேண்டாம். பயந்த நாய்க்கு அதோடு பொம்மையே வேண்டாம் என்றாகிவிடும்.

சத்தத்தையும் கவனியுங்கள். மொசைக் தரையில் பலகை வழுக்கிக்கொண்டே சுவர் வரைக்கும் போகும், அடைப்பான் விழுந்தால் 'டக்'கென்று சத்தம் வரும். புருனோவுக்கு அது உற்சாகம், செவலைக்கு ஓட்டம். கீழே யோகா மேட்டை விரித்த பிறகு இரண்டு தொல்லையும் போயின. இதே காரணத்துக்காக காங் வாப்லர் என்கிற தள்ளாட்டப் பொம்மையை மாடி வீட்டுக்காரர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். அடி கனத்த கெட்டிப் பிளாஸ்டிக். நாய் தட்டத் தட்ட ஆடி, பக்கத்து ஓட்டை வழியாகத் தீனியைச் சிந்தும். அருமையான யோசனைதான், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை.

அடுத்தது சிவப்பு ரப்பர் காங். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர் ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்த அவருடைய ஜெர்மன் ஷெப்பர்ட், வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் உதிரிபாகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. அந்த வடிவம்தான் இன்றைய காங். நாய்க்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். ஆகவே அந்தச் சிவப்பு காசு கொடுக்கிற நமக்காக. மேலும் கீழும் இரண்டு துளை இருப்பது முக்கியம். ஒரே துளை உள்ள பொம்மையில் நாக்கு உறிஞ்சு பிடித்துச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மலிவு நகல் வாங்குமுன் இதைப் பாருங்கள். குட்டிகளுக்கு மென்ரப்பரும், கடித்துத் துவம்சம் செய்யும் நாய்களுக்குக் கறுப்பு 'எக்ஸ்ட்ரீம்' வகையும் தனியாக உண்டு.

காங்கை ஊக்குவிப்பதும் இதே பாதைதான். முதலில் உருட்டினாலே கொட்டும் உதிரித் தீனி. பிறகு கொஞ்சம் நனைத்தது. கடைசியில்தான் உறைய வைத்தது. யூடியூப் வீடியோக்கள் பீநட் பட்டர் என்கின்றன. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சில வகைகளில் சைலிட்டால் இருக்கும், அது நாய்க்கு விஷம், லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் தயிர்சாதம். உப்பில்லாமல், தாளிக்காமல், குழையப் பிசைந்து அடைத்து, ஃப்ரீசரில் வைத்தால் சித்திரை வெயிலுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. செவலை அதை முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்து, மதியத் தூக்கம் வரும் வரை நக்கிக்கொண்டிருப்பாள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் எதுவும் எந்தப் பொம்மைக்குள்ளும் போகக் கூடாது. பால் பாட்டில் கழுவுகிற பிரஷ் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புளித்த தயிர் உள்ளே ஒட்டிய காங்கை விரலால் கழுவ முடியாது.

ஸ்னஃபிள் மேட் என்கிற துணிவிரிப்பு, பயந்த நாய்க்கு எல்லாவற்றையும்விடச் சுலபமான தொடக்கம். நாடாத் துணிகளுக்கு இடையே தீனியைத் தூவிவிட்டால் மூக்கே வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூடி கிடையாது, சத்தம் கிடையாது. ஆனால் நம் ஊரில் இதற்கு ஓர் எதிரி உண்டு: எறும்பு. ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் மறுநாள் காலை விரிப்பு முழுக்க வரிசை கட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்தால் காயாது. ஆட்டம் முடிந்ததும் பால்கனியில் உதறுவதைப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காசே செலவழிக்காமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பழைய பணியாரச் சட்டியின் குழிகளில் தீனி வைத்து, மேலே டென்னிஸ் பந்துகளை வைத்துவிடுங்கள். பந்தைத் தள்ளினால் தீனி. இதுவே ஒரு முதல்நிலைப் புதிர். பழைய துண்டில் தீனியைப் போட்டுச் சுருட்டிக் கொடுப்பதும் நல்ல ஆட்டம். இவற்றை நாய் ரசித்தால் கடைக்குப் போகலாம்.

ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்த பெயரில்லாப் பலகை ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். மூடியின் கீல் புருனோவின் முதல் கடியிலேயே முறிந்து கூர்முனை நீட்டிக்கொண்டது. குப்பைக்குப் போனது. நல்ல பலகைகளும் கடிக்கிற பொம்மை இல்லை என்பதை மறக்கக் கூடாது. கழன்று வரும் சிறு துண்டுகள் இருக்கின்றன. நாய் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடினால் பிடுங்காதீர்கள், வேறு தீனியைக் காட்டி மாற்றி வாங்குங்கள். பிடுங்கினால் அடுத்த முறை விழுங்கிவிடப் பார்க்கும். இரண்டு நாய் இருந்தால் ஆளுக்கொரு அறை. சாப்பாட்டுத் தட்டின் அருகே போனாலே உறுமுகிற நாய்க்குப் பயிற்சியாளரைக் கேட்காமல் புதிர் பொம்மையே வேண்டாம்.

விலங்குகள் சும்மா கிடைக்கும் தீனியைவிட உழைத்துப் பெறும் தீனியை விரும்பும் என்று பொம்மைக்காரர்கள் விளம்பரம் செய்வார்கள். 1963ல் கிளென் ஜென்சன் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் தொடங்கிய பேச்சு அது. அதை நம்பித் தட்டு நிறையச் சாப்பாடு வைத்துவிட்டுப் பக்கத்தில் பலகையை வைக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், வெயில் தாழ்ந்த பிறகு, லேசான பசியில் கொடுங்கள். பொம்மைக்குள் போகும் தீனியை அன்றைய அளவிலிருந்து கழித்துவிடுங்கள். லாப்ரடார் வீடுகளில் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

என் தீர்ப்பு இது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் காங். ஒருமுறை நாய் பழகிவிட்டால், அது கடித்துப் பிய்க்காத வரை, நாம் அருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தினமும் பத்து நிமிடம் தரையில் உட்கார நேரம் இருப்பவர்களுக்கு டொர்னேடோ, அதன் பிறகே பிரிக். நேரம் இல்லாதவர்கள் பலகைப் புதிர் வாங்க வேண்டாம், அது ஷூ ராக்குக்குத்தான் போகும். எதை வாங்கினாலும், நாயின் எடைக்குப் பெட்டியில் போட்டிருக்கும் இரண்டு அளவுகளுக்கு நடுவே சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள். சிறியது தொண்டையில் சிக்கும்.